லெம்பி வாய் திறந்த வியாழக்கிழமை

லெம்பியின் கட்டைவிரல்கள் மாவின் ஓரத்தை மடித்து, அழுத்தி, மறுபடி மடித்துக்கொண்டு போயின. பாஸ்டி என்கிற அந்த மாவுப் பொதி ஒன்றுக்குப் பதினான்கு மடிப்பு. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். கேட்டவர்களுக்கு மஞ்சள் நிற டர்னிப் கிழங்கும் உண்டு. மடிப்பு தளர்ந்தால் அடுப்பில் சாறு வழிந்து தட்டில் கருகும். தட்டு கருகினால் தேய்க்கிறவள் வாயில் விழ வேண்டும்.

கல்லியோ ஊர்த் தேவாலயத்தின் அடித்தளத்தில் அன்று காலை ஐந்து மணியிலிருந்து பதினான்கு பெண்கள் வேலையில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய பாஸ்டி நாள். ஐந்நூற்று இருபது பாஸ்டிகளுக்கு ஆர்டர். மேலே தெருவில் முழங்கால் வரை பனி. கீழே அடுப்புச் சூட்டில் எல்லோரும் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையில்லாத உடுப்போடு நின்றார்கள். மடிப்பு வேலை முப்பத்தோரு வருடமாக லெம்பியுடையது. அவளுக்கு எதிரே தராசில் சைமா. மாவு உருண்டைகளை எடை போட்டுத் தள்ளுவது அவள் வேலை. இருவரும் ஒரே வருடம் பிறந்து, ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"என்னடி, மடிப்பெல்லாம் இன்னைக்கு ஆத்திரமா இருக்கு? மாவு உன்னை என்ன பண்ணிச்சு?" என்றாள் சைமா.

"மாவு ஒண்ணும் பண்ணல. நீ போடற எடைதான் குறையுது. இது பாஸ்டியா, கோட்டுப் பொத்தானா?"

"தராசு பொய் சொல்லாது."

"தராசு சொல்லாது. அதும்மேல கட்டைவிரலை வச்சிருக்கறவ சொல்லுவா."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். லெம்பி சிரிக்கவில்லை. பத்து மணிக்குக் காபி வரும். காபியோடு வெளிச்ச டப்பாவும் வரும். அப்போது எழுந்து நின்று ஒரு பெண்ணுக்காக இருநூறு டாலர் கேட்க வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும். அதுதான் அவளைக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது.

லெம்பி நியேமிக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. அப்பா செப்புச் சுரங்கத்தில் இருந்தவர். கணவன் ஆர்வோ காட்டில் மரம் விழுந்து இடுப்பு நொறுங்கி, ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்து போனான். அந்த ஒன்பது மாதத்தில் ஒரு மனித உடம்பைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவளுக்குக் கைவந்தது. அழுதுகொண்டு உட்காராமல் மாவட்ட முதியோர் இல்லத்தில் போய்ப் பயிற்சி எடுத்தாள். அங்கேயே இருபத்திரண்டு வருடம். ஓய்வு பெற்று மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். நான்காவது வாரம் மாவட்ட அலுவலகத்தில் போய், வீட்டுக்கு வந்து கவனிக்கும் வேலைக்குப் பெயர் கொடுத்தாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலையில் டார்லாவின் வீட்டுக்குப் போகிறாள்.

டார்லாவுக்கு இருபத்தைந்து வயது. சாலையோரம் நிறுத்திய டிரெய்லர் வீட்டில், ஆறு வயது மகள் மிஸ்டியோடு இருந்தாள். மிஸ்டி பிறந்தபோது டார்லாவுக்கு வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும் தப்பியதே பெரிய காரியம். குழந்தையால் நடக்க முடியாது, உட்கார முடியாது, மென்று விழுங்க முடியாது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தூக்கி இறக்க வேண்டும். மிஸ்டியின் அப்பன் வேலை தேடித் தெற்கே போனவன் போனவன்தான். இப்போது டார்லாவின் வயிற்றில் இருப்பதற்கு அப்பன் யார் என்று லெம்பி கேட்கவில்லை. அது சிகிச்சைக்குத் தேவைப்படாத விவரம்.

அந்த விஷயம் லெம்பிக்குத் தெரிந்ததே இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமைதான். மிஸ்டியைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது டார்லா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"போன வெள்ளிக்கிழமை பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னேன்ல, அங்க போகல."

"தெரியும். பல்லுக்கு யாரும் பாலம் தாண்டி ஆறு மணி நேரம் தெற்கே போக மாட்டாங்க."

"பத்து வாரம்."

லெம்பி துடைப்பதை நிறுத்தவில்லை. "ம்."

"வெள்ளிக்கிழமையே கலைச்சு முடிஞ்சிருந்தா, இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற மெடிகெய்ட் அட்டையே செலவைக் கட்டியிருக்கும். பாலத்துக் கம்பியிலேருந்து பனிக்கட்டி விழுதுன்னு மூடிட்டாங்க. நாலு மணி நேரம் வரிசையில நின்னேன். முன்னாடி கிறிஸ்துமஸ் மரம் ஏத்தின லாரி. அந்த மரத்தையெல்லாம் எண்ணி முடிச்சுட்டேன், பாலம் திறக்கல. திரும்பிட்டேன். திங்கட்கிழமையிலேருந்து அட்டை இதுக்குச் செல்லாதாம். புதுச் சட்டம்."

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கினா? உயிருக்கு ஆபத்துன்னா அரசாங்கம் குடுக்கும்னு அதுல இருக்கே."

"கேட்டேன். 'வலிப்பு திரும்ப வரலாம், வராமலும் போகலாம். செத்துடுவேன்னு நான் எப்படி எழுதறது?'ன்னாரு. வந்தப்புறம் எழுதுவாரு போல." டார்லா சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு வலிப்பு வந்தா இவளை யார் தூக்கறது? அதை எந்த ஃபாரத்துல எழுதறது?"

லெம்பி மிஸ்டியின் கைகளைச் சட்டைக்குள் நுழைத்தாள். வலது கை விறைப்பாக இருக்கும்; அதை முதலில் நுழைக்க வேண்டும். நுழைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தச் சட்டத்துக்கு நானும் ஆமான்னுதான் ஓட்டுப் போட்டேன்."

"இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க?"

"உனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு நான் என்ன பண்ண? ஊறுகாய் போடவா?" டார்லா கையை நீட்டினாள். "சரி, ஓட்டுப் போட்ட கையாலயே அந்த உலர்ந்த துண்டை எடுங்க."

நவம்பரில் ஓட்டுச் சாவடிக்குள் லெம்பி எட்டு நிமிடம் நின்றாள். அதில் ஐந்து நிமிடம் மாவட்டச் சாலை வரி பற்றி யோசனை. கருக்கலைப்புக்கு அரசாங்கம் பணம் தருவதை நிறுத்தலாமா என்ற கேள்வி வந்தபோது அதிகம் யோசிக்கவில்லை. செய்துகொள்கிறவர்கள் செய்துகொள்ளட்டும், மற்றவர்கள் கட்டும் வரியிலிருந்து எதற்கு என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. சைமா வீடு வீடாகப் போய்த் துண்டுச்சீட்டு கொடுத்தாள். லெம்பியும் தன் வாழ்க்கையில் எதற்கும் யாரிடமும் கை நீட்டியதில்லை. பேனாவை எடுத்துக் கட்டத்தை நிரப்பிவிட்டு வந்தாள். மறுபடி ஓட்டுப் போடச் சொன்னால் என்ன செய்வாள் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கே தெரியவில்லை. ஆனால் பத்து வாரம் என்பது பதினொன்று ஆகும், பன்னிரண்டு ஆகும் என்பது தெரியும்.

"எவ்வளவு கேக்கறாங்க?"

"இருநூத்தி எம்பது. என்கிட்ட எம்பதுதான் இருக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில நேரம் குடுத்திருக்காங்க."

"உன் வண்டி வேணாம், அடிப்பக்கம் ஓட்டையா இருக்கு. என் வண்டியில போவோம். திங்கக்கிழமை மதியமே கிளம்பிடணும். இவளை யார் பாப்பா?"

"பக்கத்து வெர்னா பாத்துக்கறேன்னா. என்ன ஏதுன்னு அவ கேக்கல."

"நல்லது. பணத்துக்கு நான் கேட்டுப் பாக்கறேன்."

"யாரை?"

"டப்பாவை," என்றாள் லெம்பி.

வெளிச்ச டப்பா என்பது பழைய காபி டப்பா. பாஸ்டி விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்குள் போகும். சுரங்க வேலைநிறுத்தக் காலத்தில், எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூசிய நாட்களில், அந்த ஊர்ப் பெண்கள் ஏற்படுத்திய வழக்கம் அது. கேட்கிறவள் எழுந்து நின்று "ஒருத்திக்கு வேணும்" என்பாள். எவ்வளவு என்பாள். மற்றவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் பணம் கிடைக்கும். யாருக்கு என்று கேட்கக் கூடாது, எதற்கு என்று சொல்லவும் கூடாது. லெம்பி அறிந்தவரையில் எந்தக் கையும் கீழேயே இருந்ததில்லை.

பத்து மணிக்குக் காபி வந்தது. ஏலக்காய் போட்ட ரொட்டி வந்தது. சைமா டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, "யாருக்காவது ஏதாவது?" என்றாள். லெம்பி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒருத்திக்கு வேணும். இருநூறு."

பதின்மூன்று கைகளும் மேலே போயின. சைமாவின் கைதான் முதலில் போனது. அவள் இன்னொரு கையால் மூடியைத் திருகத் தொடங்கிவிட்டாள்.

அந்த மூடி திருகும் சத்தம் லெம்பிக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் எல்லோரும் ஐந்து வாரம் முன்னால் போய், எங்கள் பணத்தை இதற்குத் தராதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். இப்போது அதே பணத்தை, அதே காரியத்துக்கு, சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகிறேன். திருட்டுக்கு வேறு என்ன பெயர்?

"மூடியைத் திறக்காத. எதுக்குன்னு சொல்லிடறேன்," என்றாள்.

"சொல்ல வேணாம்டி. வழக்கமில்ல," என்றாள் சைமா.

"சொல்லாம வாங்கினா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பாலம் தாண்டி கிளினிக்குக்குப் போறதுக்கு. கருவைக் கலைக்க. அட்டை இனிமே கட்டாது. அதான்."

அடுப்பு மணி அடித்தது. யாரும் போய்த் திறக்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்று கைகள் மட்டும் அப்படியே நின்றன. கிழங்கு நறுக்கும் ஒருத்தி தன் கையை மேலேயும் கீழேயும் விடாமல் காதோரத்தில் சொறிவதுபோல் வைத்துக்கொண்டாள். சைமா மூடியைத் திரும்ப இறுக்கினாள்.

"மூணு கை. பத்தாது," என்றாள். குரலில் கோபம் இல்லை. அப்புறம்தான், லெம்பியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்: "அடி மடச்சி. வாரத்துல ரெண்டு நாள் நீ எந்த வீட்டுக்குப் போறேன்னு இங்க யாருக்குத் தெரியாது? நீ கவனிக்கிறதுல பிள்ளை பெத்துக்கற வயசு யாருக்கு இருக்கு?"

லெம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாய்மூடும் வழக்கம் கொடுக்கிறவர்கள் நிம்மதிக்காக மட்டும் ஏற்பட்டதில்லை. பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொல்லிவிட்டாள். பதின்மூன்று பேர். பதின்மூன்று வீட்டிலும் தொலைபேசி.

உடனே கோட்டை எடுத்துக்கொண்டு டார்லாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்னும் நூற்றெண்பது பாஸ்டி மடிக்காமல் கிடந்தது, மதியத்துக்குள் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஆர்டர் என்றால் ஆர்டர். முப்பத்தோரு வருடத்தில் அவள் பாதியில் போனதில்லை. அந்தப் புத்திகெட்ட பழக்கத்தால் இன்னும் இரண்டு மணி நேரம் நின்று, ஒருவரும் பேசாத மேசையில், பதினான்கு பதினான்காக மடித்துத் தீர்த்தாள்.

டிரெய்லர் வீட்டுக் கதவை டார்லா திறந்தபோது அவள் கையில் தொலைபேசி இருந்தது. பேசி முடித்து, வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள்.

"வெர்னா கூப்பிட்டா. திங்கக்கிழமை அவளுக்கு ஞாபகமில்லாத ஒரு வேலை இருக்காம். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாம்."

"நான்தான் சொல்லிட்டேன். பேர் சொல்லல. ஆனா சொன்ன மாதிரிதான்."

"ஏன்?"

"அவங்க பணத்தை அவங்களுக்குத் தெரியாம வாங்க மனசு வரல."

டார்லா தொலைபேசியை வைத்தாள். உள்ளே மிஸ்டி தொண்டையைச் செருமியது. இருவரும் அந்தப் பக்கம் காது கொடுத்தார்கள். சளி இல்லை, வெறும் சத்தம்தான்.

"அப்ப உங்க மனசு சுத்தமாயிடுச்சு," என்றாள் டார்லா. "குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்குமே? என் பேருதான் கடைத்தெருவுல கிடக்குது. நாளைக்கு நான் பால் வாங்கப் போகணும், லெம்பி. அந்தக் கடையில பில் போடறது யாரு? இன்னைக்கு அங்க வெங்காயம் உரிச்சவதானே?"

"ஆமா."

"ஓட்டுப் போடறப்பவும் உங்க மனசாட்சி. போட்டதைச் சொல்றப்பவும் உங்க மனசாட்சி. இப்ப டப்பாவிலயும் அதேதான். எனக்கு மனசாட்சியெல்லாம் வேணாம், ஒரு வண்டியும் இருநூறு டாலரும் வேணும்னு தானே கேட்டேன்?"

"தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் லெம்பி. "திருப்பி எடுக்க முடியாது. வண்டி இருக்கு. பணமும் இருக்கு, என் பணம்தான், மொதல்லயே அதை எடுத்திருக்கணும். குழந்தையைப் பாக்க மட்டும் ஆள் இல்ல."

"போங்க."

"போறேன். நாளைக்கு வெள்ளி, எட்டு மணிக்கு வருவேன். நீ என்னைத் திட்டணும்னா திட்டு, ஆனா அவளுக்குக் குளிக்கற நாள்."

வெள்ளிக்கிழமை போனாள். டார்லா பேசவில்லை. வேலை நடந்தது. பணம் என்பது சவ்னாவுக்கு, அதாவது வீட்டு நீராவிக் குளியலறைக்கு, புது அடுப்பு வாங்க அவள் வைத்திருந்தது. பழைய அடுப்பு இன்னொரு குளிர்காலம் தாங்கும், தாங்காவிட்டால் பக்கத்து வீட்டுச் சவ்னா இருக்கிறது. அதில் அவளுக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. துக்கமெல்லாம் குழந்தையை வைத்துத்தான். மிஸ்டியைக் கூட்டிக்கொண்டு பனியில் ஆறு மணி நேரம் போனால் நெஞ்சில் சளி கட்டும். விட்டுவிட்டுப் போக இடம் இல்லை. மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் இரண்டு வாரம் முன்னால் எழுதித் தர வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை ஏழு பேருக்குத் தொலைபேசி செய்தாள். கை தூக்கிய மூவரில் ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்தி ஊரில் இல்லை, ஒருத்தி தன் புருஷன் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லெம்பி வீட்டுக்கு வந்தபோது, பின்னாலேயே சைமாவின் வண்டி வந்து நின்றது. சைமா உள்ளே வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. கழற்றாமல் நின்றால் உட்காரப் போவதில்லை என்று அர்த்தம்.

"பணம் தர மாட்டேன். ஒரு சென்ட்கூட."

"நான் கேக்கலையே."

"குழந்தையை யார் பாக்கறா?"

"யாரும் இல்ல. கூட்டிட்டுத்தான் போகணும்."

"அந்தக் குழந்தையையா? ஆறு மணி நேரமா? உனக்குப் பைத்தியமா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

சைமா சுவரில் மாட்டியிருந்த ஆர்வோவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் இருக்கேன்," என்றாள்.

லெம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "மனசு மாறிடுச்சா உனக்கு?"

"மாறல. அது பாவம்தான். இன்னைக்கும் பாவம், நாளைக்கும் பாவம். நீங்க ரெண்டு பேரும் பாதி வழியில திரும்பி வந்துடணும்னு அந்த வீட்ல உக்காந்து ஜெபம் பண்ணுவேன். இதை ஒளிச்சு வச்சுட்டு வரல, சொல்லிட்டுத்தான் வர்றேன். நீ பண்ணின மாதிரி."

"பண்ணு. நடுவுல ரெண்டு மணிக்கொருதரம் அவளுக்குத் தண்ணி குடு. கெட்டியாக்கற பொடி போட்டுத்தான் குடுக்கணும், சும்மா குடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

"எவ்வளவு பொடி?"

"வா, காட்டறேன்."

இருவரும் அப்படியே டார்லாவின் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த டார்லா சைமாவைப் பார்த்துவிட்டு வழி விடாமல் நின்றாள்.

"உங்க துண்டுச்சீட்டு இந்தக் கதவுலயும் சொருகியிருந்துச்சு."

"நான்தான் சொருகினேன்."

"அடுப்பு பத்த வைக்க நல்லா இருந்துச்சு."

"அதுக்காவது ஆச்சே," என்றாள் சைமா. "குளிர் உள்ள போகுது. கதவைச் சாத்து, இல்ல என்னை உள்ள விடு. ரெண்டுல ஒண்ணு."

டார்லா லெம்பியைப் பார்த்தாள். லெம்பி தன் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினாள். இந்த முறை பேசாமல் இருந்தாள். டார்லா ஒதுங்கினாள்.

"என்கிட்ட புத்தி சொல்லக் கூடாது," என்றாள்.

"உன்கிட்ட நான் பேசப் போறதே இல்ல. கடவுள்கிட்ட பேசிக்கறேன்."

"அவர்கிட்ட சத்தம் போடாம பேசுங்க. மிஸ்டி தூங்கணும்."

ஒரு மணி நேரம் லெம்பி சொல்லிக் கொடுத்தாள். சின்னக் கரண்டி. முகவாய் கீழே இருக்க வேண்டும், தலை பின்னால் சாயக் கூடாது. ஒரு வாய் விழுங்கினதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சைமாவின் முதல் மூன்று கரண்டியும் மிஸ்டியின் கழுத்தில் வழிந்தன. நான்காவது உள்ளே போனது. மிஸ்டி சைமாவின் மூக்குக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாரு, அஞ்சரை அவுன்ஸ்னு எடை போடறவளுக்கு ஒரு கரண்டி கணக்கு வரல," என்றாள் லெம்பி.

"நீ வாயைத் திறக்காத. நீ திறந்த வரைக்கும் போதும்," என்றாள் சைமா. டார்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பில்தான் என்று லெம்பி நினைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் கிளம்பினார்கள். பின் சீட்டில் மண்வாரி, ஒரு மூட்டை மணல், போர்வை, மெழுகுவத்தி. பாலம் திறந்திருந்தது. சுங்கச் சாவடியில் பணம் வாங்கியவன் தினமும் எல்லோரிடமும் சொல்வதுபோல் "பாத்துப் போங்க" என்றான். தெற்கே போகப் போகப் பனி குறைந்தது. பாதி வழியில் டார்லா, "அவ ஜெபம் பலிச்சுடுமோ?" என்று கேட்டாள். "வண்டியில பெட்ரோல் நிறைய இருக்கு," என்றாள் லெம்பி.

இரவு சாலையோர விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் போனபோது, கிளினிக் வாசலில் நான்கு பேர் கருக்கலைப்புக்கு எதிரான அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒரு கிழவி குளிரில் மூக்கு சிவந்து, கக்கத்தில் காபி குடுவையை இடுக்கியிருந்தாள். சைமாவைப் போலவே இருந்தாள். டார்லாவைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள், காற்றில் கேட்கவில்லை. லெம்பி டார்லாவின் முழங்கையைப் பிடித்து, வழுக்கும் இடத்தைச் சுற்றிக் கூட்டிப் போனாள்.

உள்ளே பணத்தைக் கட்டினார்கள். டார்லாவின் பழைய வலிப்பு பற்றி அவள் சொன்னதோடு விடாமல், எந்த வருடம், எந்த மருந்து என்று லெம்பியும் நர்ஸிடம் சொல்லி எழுத வைத்தாள். பிறகு காத்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வெளியே வந்த டார்லாவின் முகம் வெளுத்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. லெம்பி நாடி பார்த்தாள், ஒழுங்காக ஓடியது. நர்ஸ் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பஞ்சு நனைந்தால் கூப்பிட வேண்டும். காய்ச்சல் நூற்றைத் தாண்டினால் கூப்பிட வேண்டும். ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது.

"ஒரு வாரமா? என் பிள்ளை நாப்பது பவுண்டு," என்றாள் டார்லா.

"நான் வர்றேன். தினமும்."

"மாவட்டம் ரெண்டு நாளைக்குத்தான் சம்பளம் குடுக்கும்."

"தெரியும். வண்டியில ஏறு."

திரும்பி வரும்போது டார்லா பாலம்வரை தூங்கினாள். பாலத்தின் நடுவில் விழித்துக் கொஞ்சம் அழுதாள். லெம்பி கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள், வேகத்தைக் குறைத்தாள். அழுது முடித்து டார்லா, "பசிக்குது," என்றாள். பாலம் தாண்டியதும் வந்த முதல் கடையில் சூப் வாங்கினார்கள்.

வீடு வந்தபோது மாலை ஆறு மணி. சைமா நாற்காலியில் கோட்டு போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மிஸ்டி சுத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவியிருந்தது. எப்போது என்ன கொடுத்தேன் என்று ஒரு காகிதத்தில் நேரம் போட்டு எழுதியிருந்தாள், பாஸ்டி ஆர்டர் எழுதும் அதே கையெழுத்தில்.

"ரெண்டு தடவை புரையேறிச்சு. நீ சொன்ன மாதிரி முன்பக்கம் சாய்ச்சேன், சரியாப் போச்சு," என்றாள் லெம்பியிடம். பிறகு டார்லாவைப் பார்த்தாள். பேசப் போவதில்லை என்று சொன்னவள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"படு," என்றாள் சைமா. கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. லெம்பி ஏழு மணிக்கு வந்தாள். டார்லாவை எழுப்பிக் காய்ச்சல் பார்த்தாள், இல்லை. பஞ்சு எத்தனை என்று கேட்டாள். இரவு முழுக்க மூன்றுதான். ஓட்ஸ் கஞ்சி வைத்து இருவருக்கும் கொடுத்தாள். பிறகு மிஸ்டியைத் தூக்கி மேசையில் கிடத்திச் சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை தோலைப் பார்த்தாள். இடது குதிகாலில் ஒரு நாணய அளவுக்குச் சிவப்பு. அழுத்திப் பார்த்தாள், வெளுத்துத் திரும்பிச் சிவந்தது. புண் ஆகவில்லை. திங்கள் இரவு முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறது.

ஒரு துண்டைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கும்படி செய்தாள். சுவரில் மாட்டிய காகிதத்தில் நேரத்தை எழுதினாள். பிறகு தொலைபேசியை எடுத்துச் சைமாவின் எண்ணைச் சுழற்றினாள்.

"இடது குதிகால் சிவந்திருக்கு," என்றாள். "திங்கக்கிழமை ராத்திரி நீ அவளைத் திருப்பிப் போடல."

"தூங்கற பிள்ளையை எழுப்ப வேணாம்னு விட்டேன்," என்றாள் சைமா.

"எழுப்பாம திருப்பலாம். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வா, காட்டறேன்."

"எட்டரைக்குத்தான் முடியும்."

"எட்டரைக்கே வா," என்று சொல்லிவிட்டு லெம்பி தொலைபேசியை வைத்து, மிஸ்டிக்குத் தண்ணீரில் பொடியைக் கலக்கப் போனாள்.